எழுத்தின்பம் எவர்க்கு உரியது?

இன்பம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ்சுளிக்கும் நண்பர் சிலர் நம்மிடையே உளர். புதுக் கொப்பியின் முதற்பக்கத்தைத் திறக்கும் மகிழ்ச்சி, மை சீராக இறங்கும் பேனை தரும் நிறைவு, விளக்கருகே தனித்திருந்து நூலொன்றில் ஆழும் அமைதி ஆகியவை யாவும் வயிறு நிரம்பியவனின் பொழுதுபோக்கு என்பது அவர்கள் வாதம். கொப்பி வாங்க வழியற்ற பிள்ளை ஒன்று வகுப்பில் இருக்கும்வரை இவ்வின்பத்தைப் பேசுவதும் தவறு என்கின்றனர். எளிதிற் புறந்தள்ளக்கூடிய வாதமன்று இது. ஆயினும் இது முழு உண்மைதானா என்று நாம் ஆராய்தல் வேண்டும்.

நம் தீவுகளிலிருந்தே தொடங்குவோம். நயினாதீவில் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. இன்றைய ஊர்காவற்றுறையான ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்படல் வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற வணிகக் கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. இவ்விதியைக் கல்லிலும் செம்பிலும் பொறிக்கச் செய்தான் அரசன். வாய்ச்சொல்லை மறுத்துவிடலாம், பொறித்த எழுத்தை மறுத்தல் அரிது. கலமிழந்து கரையொதுங்கிய அந்நியனுக்கும் எழுத்து காவலாய் நின்றது. ஆனால், அக்காவல் வாசிக்கத் தெரிந்தவனுக்கே முழுமையாகக் கிட்டும். வாசிக்கத் தெரியாதவன், வாசித்துச் சொல்பவனின் நேர்மையை நம்பியே வாழவேண்டியவன்.

கல் அரசனின் ஏடு என்றால், பனையோலை ஊரின் ஏடு. ஓலையை நறுக்கிப் பதப்படுத்தி, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறிக் கரி பூசித் துலக்கிய கைவினை நம் மண்ணின் பெருமை என்கிறோம். பெருமைதான். ஆயின் அந்தப் பனையில் ஏறியவர் யார்? ஓலை வெட்டிக் கொடுத்த கைகளுக்கு எழுத்தாணி தரப்பட்டதா? இல்லை. பள்ளிக்கூடங்கள் பெருகிய பின்னரும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர இடமின்றித் தரையில் இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில் சமஆசனம் கோரி யாழ்ப்பாணத்தில் எழுந்த போராட்டம் வெறும் பலகைக்காக எழுந்ததன்று. அறிவின் இன்பத்தில் தமக்கும் பங்குண்டு என்று ஒரு மக்கட்கூட்டம் உரைத்த வார்த்தை அது. 1945இல் வந்த இலவசக் கல்வி அப்பங்கை மேலும் விரித்தது.

வயிறு நிரம்பியவனுக்கே இவ்வின்பம் உரியது என்போருக்கு மறுமொழி நம் அண்மைக்கால வரலாற்றிலேயே உண்டு. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடைக்குள் கிடந்தது. தீவுகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்திருந்தனர். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன்போல் அருகிற்று. ஜாம் போத்தலில் சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டுத் திரியேற்றி, அச்சிற்றொளியில் பிள்ளைகள் படித்தனர். அச்சுத்தாள் கிடையாதபோது கோடிட்ட கொப்பித்தாளிலும் பத்திரிகையும் நூலும் அச்சாகின. பசித்தவர்களே வாசித்தனர், எழுதினர். எழுத்து அவர்களுக்கு ஆடம்பரமாய் இருந்திருப்பின், முதலில் அதனையன்றோ கைவிட்டிருப்பர்?

ஆகவே இன்பத்தின்மீது குற்றமில்லை. குற்றம் எங்கே நுழைகின்றது? உடைமையின் இன்பம் வேறு, பயன்கொள்ளும் இன்பம் வேறு. சட்டைப்பையில் மின்னும் விலையுயர்ந்த பேனை, எழுதாதபோதும் தன் உடையவனின் தகுதியைப் பறைசாற்றுகிறது. கண்ணாடி அலுமாரியில் பூட்டிய நூல்களும் அவ்வாறே. இவ்வின்பம் பிறரிடம் இல்லாதபோதுதான் சுவைக்கும். வாசிப்பின் இன்பமோ பகிரப் பகிர வளர்வது. ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679இல் அச்சான புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கீச அகராதியை 1966இல் மீண்டும் பதிப்பித்தார். பழம்பிரதியைக் கண்ட அறிஞனின் மகிழ்ச்சி அவரோடு நின்றுவிடாமல் உலகத் தமிழருக்கெல்லாம் பொதுவாயிற்று.

2022 மார்ச்சில், அந்நியச் செலாவணி இன்மையால் தாள் கிடைக்காது மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கொப்பி விலை உழைப்பாளர் கைக்கெட்டாது ஏறிற்று. இந்நிலையில் பக்கத்தை மிச்சப்படுத்த எழுத்தைச் சிறுக்கி எழுதும் பிள்ளையை "அழகாய் எழுது" என அதட்டுதல் ஆசிரியருக்கு அழகன்று. அப்பிள்ளைக்கு இடம்விட்டு எழுதும் சுதந்திரம் வேண்டும். அதற்குத் தாள் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரம் கடலைக் கடந்து செல்லவேண்டிய நெடுந்தீவுப் பிள்ளைக்கு, நகரத்துப் பிள்ளைக்குக் கிட்டும் நூல்களும் வேண்டும்.

எனவே, நண்பர்களே, நம் பேனையின் மகிழ்ச்சிக்காக நாம் நாணவேண்டியதில்லை. அம்மகிழ்ச்சியை அறிந்தவர்கள் என்பதாலேயே, அது எவருக்கும் மறுக்கப்படுவதைப் பொறாதிருக்கும் கடமை நமக்கு உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொப்பி, ஒவ்வொரு தீவிலும் நாள்தோறும் திறந்திருக்கும் நூலகம்: இவற்றைச் சலுகையாகவன்றி உரிமையாகக் கேட்போம்.