ரெஸ்யூமேல ரெண்டு வருஷம் சேத்துக்கலாமா?

படிச்சு முடிச்சு ரெண்டு வருஷமா வேலை கிடைக்காதவங்க காதுல இது கட்டாயம் விழுந்திருக்கும்: "காசு குடு தம்பி, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ரெடி பண்ணித் தரேன். எல்லாரும் இதான் பண்றாங்க."

மாட்டுவோமா என்பது சின்னக் கேள்வி. 2014-ல் பிஎஃப்-க்கு யுஏஎன் எண் வந்துவிட்டது. எந்த கம்பெனியில் எப்போது சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பது அதிலேயே இருக்கும். பல கம்பெனிகள் அதைச் சரிபார்க்கின்றன.

சரி, மாட்டவே மாட்டோம்னா? கம்பெனிதானே, ஏமாறட்டும்னு தோணும். ஆனா இன்டர்வியூவுல பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். நிஜமாவே ரெண்டு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். நாம எடுப்பது அவரோட இடம். கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது.

அதுக்காக எல்லாத்தையும் கொட்டணும்னு இல்லை. அரியர் எத்தனைன்னு கேட்காத இடத்தில் எழுதாமல் விடுவது பொய் ஆகாது. கேட்டால் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த ரெண்டு வருஷம் அப்பா கடையில் பில் போட்டீங்களா? டியூஷன் எடுத்தீங்களா? டிஎன்பிஎஸ்சி-க்குப் படிச்சீங்களா? மாசம், வருஷம் போட்டு அதையே எழுதுங்க. கேட்டா பத்து நிமிஷம் தடுமாறாம பேசலாம்.