சிவகோசரியார் மறைந்திருந்து பார்த்தது

ஒரு டாக்டர் நாற்பது கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். அவற்றில் 12 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 12 தடவையாவது, பிறர் கட்டுரைகளில் மேற்கோளாக வந்திருந்தால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 12. மீதி 28 கட்டுரைகளில் என்ன இருந்தது என்பது இந்த எண்ணில் கிடையாது. அந்தப் பன்னிரண்டில் என்ன இருந்தது என்பதும் கிடையாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் இந்தக் கணக்கைச் சொன்னார். சில வருஷங்களுக்குள் உலகின் பல இடங்களில் டாக்டர்களுக்கும் உயிரியல்காரர்களுக்கும் வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம் எல்லாம் இதையும் பார்த்தே நடக்கத் தொடங்கின.

நான் திருப்பதிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஊர் காளஹஸ்தி, வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. வேலையின் கடைசி வருஷங்களில் பதவி உயர்வுக் கமிட்டிகளில் உட்கார வேண்டியிருந்தது. மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்களில், ஒரே ஆளுக்கு வெப் ஆஃப் சயின்ஸ் ஒரு எண் சொல்லும், ஸ்கோபஸ் இன்னொன்று சொல்லும், கூகுள் ஸ்காலர் இரண்டையும்விடப் பெரிதாகச் சொல்லும். வந்தவர் கூகுள் ஸ்காலர் பிரிண்டை நீட்டுவார், எங்கள் பக்கத்து ஆள் ஸ்கோபஸைக் கேட்பார். இழுபறி முடிந்து கையெழுத்தும் ஆகிவிடும். மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் யாரும் அவருடைய ஒரு கட்டுரையைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டோம்.

அப்போதெல்லாம் மூத்தவர் யாராவது கீதையை எடுப்பார். கடமையைச் செய், பலனை எண்ணாதே, எண்ணுக்குப் பின்னால் ஓடாதே என்பார். அவர் புரொபசராகிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் அசிஸ்டென்ட் புரொபசருக்கு அந்த எண்தான் சம்பளம், வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம். பற்றில்லாமல் இரு என்று அளக்கப்படுகிறவரிடம் சொல்வது எளிது. அளக்கிறவரின் தர்மம் என்ன என்பதுதான் எனக்குக் கேள்வி.

அளப்பது என்றதும் எனக்கு எங்கள் ஆய்வகம்தான் ஞாபகம் வரும். முதல் வருஷ மாணவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கச் சொல்லிக்கொடுப்போம். சீரத்தில் டிரைக்குளோரோஅசிடிக் அமிலம் விட்டுப் புரதத்தைத் திரள வைத்து வடிகட்ட வேண்டும். தெளிந்த நீரில் அம்மோனியம் மாலிப்டேட், பிறகு ஏஎன்எஸ்ஏ. சில நிமிஷம் பொறுத்தால் சோதனைக் குழாயில் நீலம் ஏறும். பாஸ்பரஸ் கூடக்கூட நீலமும் கூடும். கலோரிமீட்டர் அதைப் படித்துச் சொல்லும். இதற்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர். அந்த சுப்பாராவ் யார் என்று கேட்டால் தெலுங்குப் பிள்ளைகளே விழிப்பார்கள்.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சன்னியாசியாக ஆசைப்பட்டவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கைக்கு வராமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு ஹார்வர்டுக்குப் போனார். 1925இல் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து வெளியிட்டதுதான் அந்த நீல நிறக் கட்டுரை. 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின், 1929இல் செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி. அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமானும் ஏடிபியைக் கண்டார். இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது, ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின், அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட், யானைக்கால் நோய்க்கு ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரை எல்லாம் அவருடைய குழுவிலிருந்து வந்தவை. 1948 ஆகஸ்டில் இறந்துபோனார்.

ஃபோலிக் அமிலக் கட்டுரையை எழுதியவர்கள் ஒரு கூட்டம். சுப்பாராவின் பெயர் முதல் இரண்டில் இல்லை. 2015இல் இந்திய மருத்துவக் கவுன்சில் பதவி உயர்வுக்கு முதல் இரண்டு பெயர்களுக்கு மட்டும்தான் மதிப்பு என்று விதித்தது. அந்த விதிப்படி எங்கள் கமிட்டி முன்னால் அவர் வந்திருந்தால், ஃபோலிக் அமிலத்துக்கு மார்க் பூஜ்யம்.

ஆனால் பாஸ்பரஸ் கட்டுரை பல ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டது. அளவைக் கட்டுரைகளுக்கு எப்போதும் அந்த யோகம் உண்டு. உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது ஆலிவர் லவ்ரி 1951இல் எழுதிய புரதம் அளக்கும் முறை. மூன்று லட்சத்தைத் தாண்டியது. அது தம்முடைய பெரிய வேலை ஒன்றுமில்லை என்று லவ்ரியே சொன்னார். ஏடிபியின் கதை நேர்மாறு. பிளஸ் டூ புத்தகத்திலேயே வந்துவிட்ட பிறகு யாரும் அதற்கு மேற்கோள் போடுவதில்லை. எல்லோருக்கும் சொந்தமாகிவிட்ட அறிவின் கீழே பெயர் தங்காது. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு உவமை உண்டு. காளஹஸ்திக் கோயில் கருவறையில் காற்று புக வழியில்லாத இடத்திலும் ஒரு விளக்கின் சுடர் ஆடிக்கொண்டே இருக்கும் என்பார்கள். அங்கே இருப்பது காற்றின் வடிவான வாயுலிங்கம் என்பதற்கு அதுதான் சாட்சி. சுடர் ஆடினால் காற்று இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு காற்று என்று தெரியாது. ஊரையே நிறைத்திருக்கும் காற்றுக்குச் சுடர் தேவையும் இல்லை.

ஹிர்ஷே 2020இல், தம்முடைய குறியீடு சில இடங்களில் படுமோசமாகத் தவறும், கெட்ட பின்விளைவுகளும் உண்டு என்று எழுதினார். அதற்கு ஏழு வருஷம் முன்பே, 2013இல், ஆராய்ச்சி மதிப்பீட்டைப் பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் பத்திரிகையின் மதிப்பெண்ணை வைத்து ஆளை எடை போடாதீர்கள், எழுதியதைப் படியுங்கள் என்றது. படியுங்கள் என்று சொல்வதற்கே ஒரு பிரகடனம் வேண்டியிருந்தது.

காளஹஸ்திக்காரிக்கு இந்த இடத்தில் கண்ணப்பர் ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் கதையில் நான் பார்ப்பது கண்ணப்பரை அல்ல, சிவகோசரியாரை. பொன்முகலிக் கரையில் ஆகமப்படி பூசை செய்தவர் அவர். பின்னால் கண்ணப்பரான வேடன் திண்ணன் வாயில் நீர் கொண்டுவந்து உமிழ்கிறான், தலையில் செருகிய பூவைச் சாத்துகிறான், தானே சுவைத்துப் பார்த்த பன்றி இறைச்சியைப் படைக்கிறான். மறுநாள் சிவகோசரியார் வந்து எலும்பைப் பொறுக்கிக் கழுவிவிட்டுத் தம் பூசையைச் செய்கிறார். யார் இந்த அநியாயம் செய்தது என்று இறைவனிடம் அழுது முறையிடுகிறார். அவருடைய அளவுகோலின்படி திண்ணனுக்கு மார்க் பூஜ்யம். அந்த அளவுகோல் பொய்யும் அல்ல. இன்றைக்கும் இந்தக் கோயிலில் பூசை ஆகமப்படிதான் நடக்கிறது.

இறைவன் கனவில் வந்து அவனுடைய அன்பு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், கடவுள் கொடுத்த மதிப்பெண்ணுக்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் நாளைக்கு மறைந்திருந்து பார் என்கிறார். ஆறாம் நாள் சிவகோசரியார் ஒளிந்து நின்று பார்க்கும்போதுதான் லிங்கத்தின் கண்ணில் ரத்தம், அம்பால் தோண்டிய கண், இரண்டாவது கண்ணுக்கு இடம் தெரிய ஊன்றிய கால், தடுத்த கை. யாரோ பார்ப்பது திண்ணனுக்குத் தெரியாது. இறைவனுக்குப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் காட்சி முழுக்க முழுக்க மதிப்பிட்டவருக்காக நடந்தது. எடுத்துச் சொன்னால் போதாது, கண்ணால் கண்டாக வேண்டும் என்று இறைவனே நினைத்த இடம் அது.

எண்ணை விட்டு வேலையை நேரில் பார்க்கச் சொன்னால் வேறு ஆபத்து வராதா என்று ஒரு மாணவி கேட்டாள். "மேடம், எண்ணை எடுத்துட்டா சிபாரிசுதானே வரும்? எனக்கு யாரைத் தெரியும்?" நியாயமான பயம். எங்கள் காலத்தில் துறைத் தலைவருக்கு வேண்டியவரா என்பதுதான் தகுதியாக இருந்தது. பெரிய ஆள் பின்னால் இல்லாத சின்ன ஊர்ப் பெண்ணுக்கு, மாற்றி எழுத முடியாத ஒரு எண் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று எனக்குத் தெரியும். எண்ணைத் தூக்கி எறி என்று நான் சொல்ல மாட்டேன்.

அவளுக்கான பதிலும் அதே கதையில் இருக்கிறது. சாட்சியாக இறைவன் யாரைக் கூப்பிட்டார்? திண்ணனோடு வேட்டைக்கு வந்த நாணனையோ காடனையோ கூப்பிடவில்லை. அவர்கள் நண்பர்கள். புகார் கொடுத்தவரையே கூப்பிட்டார். அவரும் தாம் இருப்பது தெரியாதபடி மறைந்து நிற்க வேண்டியிருந்தது. ஆகவே வேண்டியவர் சொல்வது சாட்சியல்ல. வேலையை ஏற்காதவர், பெயரை மறைத்துக்கொண்டு, பக்கத்தில் போய்ப் பார்த்துச் சொல்வதே சாட்சி. ஃபைலில் எண் இருக்கட்டும். அதோடு அந்த டாக்டரின் மிகச் சிறந்த கட்டுரைகள் மூன்றோ நான்கோ, அவருடைய கருத்தோடு ஒத்துப்போகாத வெளியூர் ஆள் ஒருவரிடம் போகட்டும். அவர் படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதட்டும். அதற்கு நேரம் பிடிக்கும். எங்கள் கமிட்டிகள் எண்ணைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் நம்பிக்கை அல்ல, அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லாததுதான்.

கடைசியாகப் பட்டியலைப் பற்றி ஒன்று. கண்ணப்பரைச் சுந்தரர், சிவனடியார் பட்டியலான திருத்தொண்டத்தொகையில் சேர்த்தார். நம்பியாண்டார் நம்பி வகைப்படுத்தினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்தார். ஒருவர் முன்னவரை மேற்கோள் காட்டி வளர்ந்த வரிசை அது. மேற்கோள் காட்டுவது நன்றி சொல்வது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் சுந்தரரின் தொகையில் முதலாமவர், இரண்டாமவர் என்ற இட எண் இல்லை. எல்லோருக்கும் ஒரே வணக்கம். தனிப் பெயர்களோடு ஒன்பது கூட்டங்களும் உண்டு. சிவகோசரியார் அறுபத்துமூவரில் ஒருவர் அல்ல. ஆனால் முப்போதும் திருமேனி தீண்டுவார் என்ற கூட்டத்தில் அவருக்கும் இடம் இருக்கிறது. அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று ஒரு கூட்டம், சுந்தரருக்குத் தெரியாத ஊரிலும் காலத்திலும் உள்ளவர்களுக்காக. தனக்குத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பட்டியலுக்குள்ளேயே ஒப்புக்கொண்ட பட்டியல் அது. ஸ்கோபஸில் அந்த வரிக்கு இடமில்லை. ஆகையால் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் மனத்திலாவது அந்த வரி இருந்தாக வேண்டும். அது இல்லாதவரைத் தேர்வுக் கமிட்டியில் உட்கார வைக்கக்கூடாது என்பது என் கட்சி.