அளவுகோலில் அடங்குமா உள்ளத்தின் நோவு?

உடல் நோவுக்குச் சான்றுகள் பல உண்டு. காய்ச்சலை வெப்பமானி காட்டும். முறிந்த எலும்பை ஊடுகதிர்ப் படம் காட்டும். உள்ளம் படும் நோவுக்கோ பெரும்பாலும் நொந்தவரின் சொல்லே சான்று. அச்சொல்லையும் பலர் வெளியிடாமல் விழுங்கிவிடுகின்றனர். அவ்வாறிருக்க, ஒருவரின் மனவேதனையை மற்றொருவர் அளந்தறிதல் இயலுமா? இயலுமெனினும் அது முறையாகுமா?

அமெரிக்க உளவியலறிஞர் எட்வின் ஷ்னைட்மன் தற்கொலை பற்றிய ஆய்வுக்கே தம் வாழ்நாளை ஈந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1958ஆம் ஆண்டு தற்கொலைத் தடுப்பு நிலையம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். தாங்கவொண்ணாத அகவேதனையைக் குறிக்க 1993இல் அவர் ஆங்கிலத்தில் புதுச்சொல் ஒன்றை வழங்கினார். அதனை நாம் ‘உளநோவு’ எனலாம். தற்கொலையை நாடுவோர் சாவை விரும்புவதைவிட நோவு நிற்பதையே விரும்புகின்றனர் என்பது அவர்தம் கருத்து. ஆகவே, எங்கே வலிக்கிறது என்றும், எவ்வாறு உதவலாம் என்றும் கேட்பதே முதற்கடமை என அவர் வலியுறுத்தினார்.

கேட்பதற்கென்றே அமைந்த கருவிகளும் உள. இன்று பல நாடுகளில் வழங்கும் மனச்சோர்வு வினாத்தாளொன்றில் 9 வினாக்கள் உள்ளன. கடந்த இரு வாரங்களில் உறக்கம், பசி, ஊக்கம், தன்மதிப்பு முதலியன எவ்வாறிருந்தன என அது வினவும். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை எண் உண்டு. உச்ச எண் 27. ஒன்பதாம் வினா, சாவைப் பற்றிய எண்ணம் எழுந்ததா என்பது.

இங்கேதான் விழிப்பு வேண்டும். ஒருவர் பெற்ற எண் 12. உறக்கமின்மை, களைப்பு போன்றவையே அவரை வாட்டுகின்றன. மற்றொருவர் பெற்றது 6. ஆயினும் அதில் 3 ஒன்பதாம் வினாவுக்கு உரியது. கூட்டுத் தொகையை மட்டும் நோக்குவோர், உடனே உதவி வேண்டுபவரைப் பிந்தவிடுவர். அறுபது மதிப்பெண் பெற்ற இரு மாணவருள் ஒருவர் இலக்கணத்திலும் மற்றவர் கட்டுரையிலும் தளர்ந்திருத்தலை ஆசிரியர் அறிவாரன்றோ? மேலும், 10 என்பது 5இன் இருமடங்கு வேதனையன்று. ஒருவர் நோவை இன்னொருவர் நோவோடு தராசில் நிறுத்தல் பிழை; ஒருவரின் இன்றைய நிலையை அவருடைய சென்ற மாத நிலையோடு ஒப்பிடுதலே தகும்.

அங்ஙனமாயின் அளவையே வேண்டாவோ? அளவை இல்லையேல் உரக்க அழுபவர் மட்டுமே கவனிக்கப்பெறுவர்; கடைசி வரிசையில் பேசாதிருக்கும் மாணவன் மறக்கப்படுவான். எல்லாரிடமும் ஒரே வினாவைக் கேட்பதில் ஒரு நீதி உண்டு.

ஆயினும், அஞ்சுபவர் உண்மை உரையார். தற்கொலை முயற்சி நெடுங்காலம் குற்றமாகவே கருதப்பட்டது. சிங்கப்பூர் 2020இலும் மலேசியா 2023இலும் அந்நிலையை நீக்கின. சட்டம் விட்ட அச்சத்தை நம் நாவு தொடரலாகாது. “இதற்கெல்லாமா வருந்துவது?” என்னும் ஏளனம், வாய் திறக்க வந்தவரை மீண்டும் ஊமையாக்கிவிடும்.

எனவே, எண் உரையாடலின் தொடக்கமே; முடிவன்று. வாடிய முகத்தோடு வரும் மாணவனைத் தனியே அழைத்துக் கேளுங்கள். இடைமறியாது செவிமடுங்கள். சாவைப் பற்றிய சொல் வருமாயின் அவனைத் தனியே விடாது, உரிய மருத்துவ உதவிக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். நோவை அளக்கும் உரிமை, அதனைத் தணிக்க முன்வருவோர்க்கே உண்டு.