நீரின் பக்குவம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றின் குறுக்கே 1939-இல் எழுந்த அணையால் உருவானது கன்டர்ஸ்வில் ஏரி. வசந்தத்தின் தொடக்கத்தில் நல்ல மழை பெய்துவிட்டால் அங்கே ஒரே காலைப் பொழுதில் பல விதமான நீரைப் பார்க்கலாம். ஓடைகள் வந்து சேரும் இடங்களில் கலங்கல். ஏரியின் நடுவே தெளிவு. இரண்டும் கலக்கும் எல்லையில் அடி தெரிந்தும் தெரியாத மங்கல். வெயில் விழும் ஆழமற்ற குடாக்களில் மட்டும் சற்றே கூடுதல் வெதுவெதுப்பு. அங்கே பாஸ் மீனைத் தேடி வருகிறவரின் பெட்டியில் ‘கிராங்க்பெய்ட்’ எனப்படும் போலி இரைகள் பல நிறங்களில், பல வடிவங்களில் அடுக்கியிருக்கும். பழகியவர் பெட்டியில் கை வைக்கும் முன் நீரைப் பார்க்கிறார். அதன் குளிர்ச்சியை அறிகிறார். வெளிர் நிற இரை ஒன்றை மெல்ல இறக்கி, எத்தனை அடியில் அது கண்ணுக்கு மறைகிறது என்று கவனிக்கிறார்.

அந்தச் சில நிமிடங்களை நான் வழிபாடாகவே கருதுகிறேன். தனக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, எதிரே இருப்பது இந்தக் கணத்தில் எப்படி இருக்கிறது என்று அறிய முற்படும்போதே வழிபாடு தொடங்கிவிடுகிறது. சீடனின் பக்குவம் அறிந்து குரு உபதேசிப்பார் என்பது நம் மரபு. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்ததும் எல்லா உயிரும் ஒரே நிலையில் நிற்பதில்லை என்பதை உணர்ந்துதான். நீருக்கும் பக்குவம் உண்டு. அதை அறிந்தபின் செய்யும் தேர்வே தேர்வு. அறியாமல் செய்வது நம் விருப்பத்தை ஏரியின்மேல் ஏற்றுவது.

இத்தகைய இரைகள் பிறந்ததே பார்வையில்தான். பின்லாந்தின் மீனவர் லவ்ரி ரபாலா, வேட்டை மீன்கள் சிறு மீன் கூட்டத்தைத் தாக்குவதை நெடுநேரம் பார்த்திருந்தார். சீராக நீந்தும் மீன்களை விட்டுவிட்டு, சற்றே தள்ளாடி நீந்தும் ஒன்றையே அவை குறிவைப்பதைக் கண்டார். 1936-இல் தக்கைக் கட்டையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றும் பளபளப்பான தாளைப் போர்த்தி, அந்தத் தள்ளாட்டத்தை ஒரு கட்டைக்குள் கொண்டுவந்தார். 1960-களின் பிற்பகுதியில் டென்னசி மாநிலத்தில் ஃபிரெட் யங் பால்சா மரத்தில் ‘பிக் ஓ’ என்ற பருத்த இரையைச் செதுக்கினார். முகத்தில் சதுரத் தகடு கொண்டு இன்று ஆழமற்ற நீரில் ஓடும் இரைகள் பலவற்றுக்கும் அதுவே மூதாதை. கை செதுக்குவதற்கு முன்பே கண் அறிந்திருந்தது.

தெளிந்த நீரில் மீன் கண்ணால் வாழ்கிறது. தொலைவிலிருந்தே எதையும் நிதானமாக ஆராய்கிறது. அங்கே பளிச்சென்ற நிறம் சந்தேகத்தைத் தரும். ஆகவே ஏரியில் உண்மையாகவே வாழும் ‘ஷாட்’ என்ற சிறு மீனின் வெள்ளி நிறம், ஒளி ஊடுருவும் மெல்லிய உடல், உள்ளே குண்டுகள் குலுங்காத அமைதி ஆகியவை பொருந்தும். இழுப்பிலும் வேகம் வேண்டும். தெளிந்த மனத்தின் முன்னும் நாம் அப்படித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே அலங்காரம் எடுபடாது, உரத்த குரல் தேவைப்படாது. உள்ளது உள்ளபடி இருந்தால் போதும்.

கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை குறைவு. பாஸ் மீனின் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு அங்கே முன்வந்து நிற்கிறது. நீரின் சிறு அதிர்வையும் அது உணரும். எனவே பழகியவர்கள் அகலமாக ஆடி நீரை நன்கு உதைக்கும் பருத்த இரையை, பெரும்பாலும் மஞ்சள் கலந்த இளம்பச்சை உடலும் கறுப்பு முதுகும் கொண்டதை எடுக்கிறார்கள். உள்ளே குண்டுகள் குலுங்கும் ஓசையும் உதவும். நிறத்தையும் ஓசையையும்விட முக்கியமான ஒன்று உண்டு. கலங்கல் நீரில் மீன் தொலைவுக்குத் துரத்தி வராது. மூழ்கிய மரத்தையோ பாறையையோ ஒட்டி அண்டிக் கிடக்கும். இரைதான் அதன் அருகே போக வேண்டும், மெதுவாகப் போக வேண்டும், அதே இடத்துக்கு மறுபடியும் போக வேண்டும்.

துயரத்தில் கலங்கியிருப்பவரிடம் நுட்பமான தத்துவத்தை எடுத்துக்கொண்டு போகிறோம். அது அவருக்குத் தென்படுவதே இல்லை. அவர் கேட்கவில்லை என்று வருந்துகிறோம். அருகே அமர்வதும், எளிய ஒரு சொல்லைப் பொறுமையோடு திரும்பச் சொல்வதுமே அந்த நேரத்துக்கு உரியவை. தெளிந்தவருக்கு ஏற்ற மொழி கலங்கியவருக்கு எட்டாது என்பது இருவரில் யாருடைய குறையும் அல்ல. இருவரும் நிற்கும் நீர் வேறு.

குளிர்ச்சியும் இப்படித்தான். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குகிறது. 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் செரிமானமும் அசைவும் மந்தமாகிவிடும். பசி அற்றுப்போவதில்லை, ஆனால் அதற்காகச் செலவிடும் வலு குறைந்துவிடுகிறது. தட்டையான பக்கங்கள் கொண்டு, குறுகலாக நடுங்கிச் செல்லும் இரையை அப்போது மிக மெதுவாக இழுக்கிறார்கள். மிசூரி, ஆர்கன்சாஸ் பகுதியின் ஓசார்க் மலை ஏரிகளில், குளிர் விடைபெறும் பருவத்தில், கற்களிடையே ஊரும் ‘கிரேஃபிஷ்’ என்ற நன்னீர் இறாலின் பழுப்பும் செம்மையும் கொண்ட இரைகளையே பலரும் தேர்கிறார்கள். கோடையில் நீர் சூடேறியபின் அகன்ற ஆட்டமும் வேகமும் பொருந்தும். நம் சாதனையிலும் வறண்ட குளிர்காலங்கள் வருகின்றன. ஜபத்தில் மனம் ஒட்டாத நாட்களில் நம்மையே விரட்டுகிறோம். அந்த நாளுக்கு வேண்டியது சிறிய, மெதுவான, விடாத அசைவு.

அடுத்தது ஆழம். கிராங்க்பெய்ட் இரையின் முகத்தில் ஒரு தகடு துருத்தி நிற்கும். தகடு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் இரை மேலாக ஓடும். நீண்டு முன்னோக்கிப் படுத்திருந்தால் ஆழத்துக்கு இறங்கும். தூண்டில் நரம்பு மெலிதாக இருந்தால் இன்னும் இறங்கும். கோடையில் பல ஏரிகளில் வெப்பமான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே உயிர்வளி வற்றிப்போனால் அங்கே மீன் தங்காது. ஆழம் என்பதாலேயே ஆழம் உயர்ந்ததாகிவிடாது. உயிர் எங்கே இருக்கிறதோ அதுவே போக வேண்டிய ஆழம்.

1982-இல் அலபாமா ஆற்றில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியில் பால் எலியாஸ் வென்றார். இரை இன்னும் சில அடி இறங்க வேண்டும் என்பதற்காக அவர் படகில் மண்டியிட்டு, தூண்டில் கோலின் நுனியை நீருக்குள் ஆழ அழுத்தியபடி இழுத்தார். அவருக்கு அது ஓர் உத்தி. எனக்கு அதில் ஓர் உண்மை தெரிகிறது. ஆழத்தைத் தொட விரும்பியவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டார்.

தேர்வின் உச்சம் இதற்கும் அப்பால் இருக்கிறது. நீரின் ஆழம் எட்டடி என்றால், பத்தடி வரை இறங்கக்கூடிய இரையையே கைதேர்ந்தவர்கள் கட்டுகிறார்கள். அது தரையை உரச வேண்டும், கல்லில் முட்ட வேண்டும், மரக்கிளையில் மோதித் திசை மாற வேண்டும். தடையே இல்லாமல் சீராக ஓடும் இரையை மீன் பார்த்துக்கொண்டே இருந்துவிடும். முட்டித் தடுமாறும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் பாய்ந்து கவ்வும். மோதலை முதலில் வாங்குவது முகத் தகடு. அதனால் பின்னால் இருக்கும் தூண்டில் முள் சிக்காமல் தப்புகிறது. சிக்கிக்கொள்ளும் போலிருந்தால் ரீலைச் சுற்றுவதை நிறுத்த வேண்டும். மிதக்கும் தன்மையுள்ள இரை தானாகப் பின்வாங்கி மேலெழுந்து விடுபடும். வலிந்து இழுத்தால் முடிச்சு இறுகும், நிறுத்தினால் வழி பிறக்கும். இடர்கள் நம்மைப் பாதையிலிருந்து தள்ளிவிட்டன என்று நாம் எண்ணும் பல தருணங்களில், அந்த உரசலில்தான் உள்ளே ஏதோ விழித்திருக்கிறது.

இவ்வளவையும் சொல்லும்போது ஒரு கேள்வியை விட்டுவிட முடியாது. முடிவில் இருப்பது முள். ஓர் உயிரை அறிய இத்தனை நுட்பமாகக் கற்பது, அதை ஏமாற்றத்தானா? பாஸ் மீன் போட்டிகளை ஒழுங்கமைத்த ரே ஸ்காட், பிடித்த மீனைக் கொல்லாமல் நீரில் விடும் வழக்கத்தை 1972-இல் முன்னெடுத்தார். அது பரவியது நல்லது. ஆயினும் விடுவதால் மட்டும் முள்ளின் வலி இல்லாமல் போவதில்லை. கவனம் பிடிப்பதோடு முடிந்துவிட்டால் அது வெறும் தந்திரம். மீனின் மேனியைக் காக்கும் வழவழப்பு அழியாதிருக்கக் கையை நனைத்துக்கொண்டு தொடுவது, முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைத் தட்டி மழுக்கிவிடுவது, நீருக்கு வெளியே வைத்திருக்கும் நேரத்தைச் சுருக்குவது, நீர் கொதிக்கும் கோடை நடுப்பகலில் ஆழத்து மீனைத் தேடாமல் இருந்துவிடுவது ஆகியவையும் அதே அறிவின் கடமைகள். இவ்வளவு அறிந்தபின் முள்ளையே கழற்றி வைத்துவிட ஒருவருக்குத் தோன்றினால், அவர் அந்த ஏரியை இன்னும் நெருங்கியிருக்கிறார் என்றே சொல்வேன்.

பிறரின் பக்குவத்தை அறிவது தந்திரமாகவும் திரியலாம், கருணையாகவும் கனியலாம். அறிந்ததை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பதே இரண்டையும் பிரிக்கிறது. வீட்டில் முதியவரிடம் பேசுமுன், குழந்தையைத் திருத்துமுன், பூசையில் அமருமுன், இன்றைய நீர் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்போம். நேற்று பலித்த சொல் இன்றும் பலிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுவோம். இறைவன் நம்மிடம் அப்படித்தான் வருகிறான்: தெளிந்த நாளில் ஒரு குறிப்பாக, கலங்கிய நாளில் அருகே ஓர் அதிர்வாக. அவன் நம் பக்குவம் பார்த்துத் தருவதை, நாமும் பிறருக்கு அவரவர் பக்குவம் பார்த்துத் தரக் கற்றுக்கொள்வதே சாதனை.