செம்மரமும் பாவத்தின் பங்கும்

மரத்தை வெட்டுவதே பாவமா என்று கேட்டால், நம் முன்னோர் அவ்வளவு எளிதில் ஆம் என்று சொல்லிவிடவில்லை. மரத்தை ஓரறிவுயிர் என்று வகுத்த தொல்காப்பிய மரபிலும், எழுவகைப் பிறப்பில் தாவரத்தையும் சேர்த்து எண்ணிய சமய மரபிலும் வளர்ந்த அவர்களே, வீட்டுக்கு உத்தரமும் உழவுக்கு ஏரும் சுவாமிக்குத் தேரும் மரத்தில்தான் செய்துகொண்டார்கள். வெட்டுவதற்கு மட்டும் ஒரு நியமம் வைத்திருந்தார்கள். விக்கிரகத்துக்கு மரம் தேடிக் காடு புகுகிறவன், அம்மரத்தைப் பூஜித்து, அதில் வாசம் செய்யும் பூதங்களை வேறிடம் செல்லுமாறு பிரார்த்தித்த பின்னரே வெட்டத் தொடங்க வேண்டும் என்று வராகமிஹிரர் பிருகத் சம்ஹிதையில் விதிக்கிறார். கேட்டுப் பெறுவதற்கு இப்படி ஒரு சடங்கு இருந்தது. கேட்காமல் இருளில் வெட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றியே இங்கு என் விசாரம்: அந்தப் பாவம் யாரைச் சாரும்?

இதை ஆராய, ஆந்திரத்தில் ஏழுமலையான் குடிகொண்ட சேஷாசலத்தைவிடப் பொருத்தமான ஸ்தலம் எனக்குத் தெரியவில்லை. ஆதிசேஷனின் திருமேனியே மலையாயிற்று என்று நம்பி, அதைக் காலால் மிதிக்க அஞ்சிய ராமாநுஜர் முழங்காலால் ஏறினார் என்று வைணவர்கள் இன்றளவும் சொல்லி உருகுகிற அந்த மலைத்தொடரில்தான், உலகில் வேறெங்கும் இயற்கையாக அதிகம் வளராத செம்மரம், கல்லும் வறட்சியுமான சரிவுகளில் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு மெதுவாக வைரம் பாய்கிறது. சந்தனத்தைப் போல இதற்கு வாசனை கிடையாது. நிறம் உண்டு, நீரில் போட்டால் மூழ்கிவிடும் கனம் உண்டு. சீன தேசத்தில் உயர்ந்த மேஜை நாற்காலிகளுக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இதை விரும்பி வாங்குகிறார்கள். அலையலையாக ரேகை ஓடும் மரத்துக்கு விலை மிக அதிகம். ஆகவே களவாடுகிறவன் சிறந்த மரத்தைத் தேர்ந்து எடுக்கிறான், விதை சிந்துவதற்குக் கோணலும் சொத்தையுமே காட்டில் எஞ்சுகின்றன. 1995 முதல் இம்மரம் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தும் களவு நிற்கவில்லை.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி, அந்தக் காட்டில் 20 பேர் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அனைவரும் தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகள், அவர்களில் பலர் ஜவ்வாது மலை முதலிய இடங்களின் மலைவாசிகள். அவர்கள் அறியாத குற்றத்தைச் செய்தார்கள் என்று நான் வாதிக்க வரவில்லை. எல்லை தாண்டி, இரவில், பிறர் காட்டில் கோடாலி எடுத்தவனுக்குத் தான் செய்வது இன்னதென்று தெரியும். ஆயினும், செய்தவன், செய்வித்தவன், தூண்டியவன், கண்டு உடன்பட்டவன் ஆகிய நால்வரும் வினையில் சமபாகம் பெறுவர் என்று கூறும் பழைய தர்ம வாக்கை நினைக்கும்போது, முதலாமவன் ஒருவனே மண்ணில் வீழ்ந்து கிடக்க, மற்ற மூவரின் பெயர்கூட நமக்குத் தெரியாதிருப்பது என்ன நியாயம் என்று மனம் கேட்கிறது. சமணரும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினையை மூவகையாக்கினார்கள். மாமிசத்தைப் பற்றிப் பேசும் மநு, கொன்றவனோடு நிற்காமல், விற்றவன், வாங்கியவன், சமைத்தவன், பரிமாறியவன், உண்டவன் என்று வரிசையாகக் கூண்டிலேற்றுகிறார். மநுவோடு எனக்குப் பல விஷயங்களில் உடன்பாடு இல்லை. இந்த ஒரு கணக்கில் அவர் நம் காலத்துச் சட்டத்தைவிடத் தெளிவாக இருந்தார்.

'அவரவர் கர்மம்' என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. மலையில் சாமை விளைத்தும் தேனும் கடுக்காயும் சேகரித்தும் பிழைத்தவன், அந்த விளைபொருளுக்கு நல்ல விலை கிடைக்காமல், சில நாளில் பல மாதக் கூலி என்று ஆசை காட்டிய தரகனின் வண்டியில் ஏறினான் என்றால், அதில் பூர்வஜன்ம ரகசியம் எதுவும் இல்லை. சந்தையில் நாம் கொடுத்த விலையே அங்கே காரணமாக நிற்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பறிமுதல் செய்த செம்மரக் கட்டைகளை ஆந்திர அரசே ஏலம் விட்டு உலகச் சந்தைக்கு அனுப்புகிறது. களவுப் பொருளை விற்பதால் கஜானா நிரம்பலாம், ஆனால் தூர தேசத்துத் தாகம் அதனால் தணிவதில்லை. அதே மரம், அதே வாங்குவோர். பட்டா நிலத்தில் பயிரிட்ட செம்மரத்தை முறையாக விற்க உழவனுக்கு வழி செய்வதும், மலைவாசியின் சாமைக்கும் புளிக்கும் நியாயமான விலை கொடுப்பதும், தரகனையும் வாங்கியவனையும் தேடிப் பிடிப்பதும் காவலரின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட அதிகம் பயன் தரும் என்பது என் துணிபு. பக்தர்களுக்கும் இதில் பங்குண்டு. ஏழுமலையானைத் தரிசிக்கச் சென்று, மலையைக் காணாமல் திரும்புவது அரை தரிசனமே.

இவ்வளவும் எழுதிய நான், என் வீட்டுக் கொலுப் படியில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் மரப்பாச்சி ஜோடியைப் பார்க்கிறேன். செம்மரத்தில் கடைந்தவை, கல்யாணத்தில் சீராக வந்தவை. எந்த மலையில் நின்ற மரமென்று அன்று வாங்கியவர்களும் கேட்கவில்லை, இன்றுவரை நானும் கேட்டதில்லை. இந்த நவராத்திரிக்குப் புதிய ஜோடி வாங்கப் போகிறவர்கள், மரம் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; அவர் பதில் சொல்லத் தயங்கினால், வாங்காமல் திரும்பி வாருங்கள்.