கண்ணுங் காட்சியும்

"என் கண்ணாற் கண்டேன்" என்னுஞ் சொல்லினும் வலிய சான்று உலக வழக்கிலே வேறில்லை. நீதிமன்றத்திலும், பாடசாலையிலும், வீட்டிலும் அச்சொற் பிறந்தவுடனே விசாரணை ஓய்ந்துவிடுகின்றது. ஆயின், காண்பது கண்தானோ? கண் பழுதற்றிருக்கவும் ஒருவன் பிழைபடக் காண்பானாயின், அப்பிழை யாருடையது? இவ்வினா நூலாராய்ச்சி செய்வார்க்கு மாத்திரம் உரியதன்று. பிள்ளைகளை நாடோறும் பார்த்து, அவர்களைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆசிரியராகிய நமக்கே பெரிதும் உரியது.

முதற்கட் கண்ணின் தொழிலை நோக்குவாம். பொருளினின்று வரும் ஒளி, விழியின் முகப்பிலுள்ள தெளிந்த படலத்தையும், கண்மணித் துவாரத்தையும், வில்லையையுங் கடந்து, உட்புறத்து விழித்திரையிலே தலைகீழான உருவமாக விழுகின்றது. இதனை 1604ஆம் ஆண்டிலே கெப்ளர் என்னும் வானநூலறிஞர் விளக்கினார். விழித்திரையிலே ஒளியை ஏற்கும் நுண்ணணுக்கள் ஏறக்குறைய 12 கோடி. செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழைகளோ ஏறக்குறைய 10 இலட்சமே. ஆகவே, கண் தான் பெற்றதனை அப்படியே அனுப்புவதன்று. ஒளியும் நிழலுங் கூடும் ஓரங்களையும், நிற வேற்றுமைகளையும் தெரிந்தெடுத்துச் சுருக்கியே அனுப்புகின்றது. இரு கண்ணின் நரம்புகளும் மூளையின் அடியிலே ஓரிடத்திற் கூடி, இழைகளிற் பாதியளவு பக்கம் மாறிச் செல்லுகின்றன. அதனால், நமக்கு இடப்புறத்துள்ளதனை வலமூளையும், வலப்புறத்துள்ளதனை இடமூளையும் ஏற்கின்றன. பிடரிப்பக்கத்து மூளையிலே இரு கண்ணின் செய்திகளும் இணைந்து ஓருருவமாகின்றன. கண் இரண்டாயினும் உலகு ஒன்றாய்த் தோன்றுதல் இதனாலாம்.

மூளை வந்ததனை இணைப்பதோடமையாது, வாராததனையும் இட்டு நிரப்புகின்றது. இதனை மாணாக்கர்க்கு எளிதிற் காட்டலாம். வெள்ளைக் கடதாசியிலே இடப்புறம் ஒரு சிலுவைக்குறியும், அதற்கு வலப்புறம் 3 அங்குலந் தள்ளி ஒரு கரும்புள்ளியும் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணாற் குறியையே நோக்கியவண்ணம், கடதாசியை ஓரடித் தூரத்தினின்று மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துக. ஓரிடத்திற் புள்ளி மறைந்தொழியும். பார்வை நரம்பு கண்ணினின்று புறப்படும் அவ்விடத்திலே ஒளியை ஏற்கும் அணுக்கள் இல்லை. மாரியற் என்னும் பிரான்சு நாட்டறிஞர் 17ஆம் நூற்றாண்டிலே இதனைக் கண்டறிந்தார். வியக்கத்தக்கது யாதெனில், அங்கே ஓட்டை தோன்றாமல் வெண்கடதாசியே தோன்றுதலாம். சூழவுள்ளதைக்கொண்டு மூளை அவ்விடத்தை ஊகித்து நிரப்பிற்று. நாம் அதனையும் "கண்டேன்" என்றே சொல்லுகின்றோம்.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் அளவையியலிலே காட்சியைப் பகுத்துரைத்த திறம் இங்கே நினைக்கத்தக்கது. பெயர், சாதி, குணம், கன்மம் என்பன விளங்காது பொருளுண்மை மாத்திரையாய்த் தோன்றுவது நிருவிகற்பக் காட்சி. அவை விளங்கத் துணிவது சவிகற்பக் காட்சி. இதுவோ அதுவோ என நிற்பது ஐயக்காட்சி. ஒன்றனை மற்றொன்றாகத் துணிவது திரிவுக்காட்சி. சாம்பல்தீவுக் களப்பின் கரையிலே அந்திப்பொழுதில் நிற்பவன் நீரிலே கருமையாகிய ஏதோ ஒன்றைக் காண்கின்றான். வள்ளமோ மிதக்கும் மரக்கட்டையோ என்று ஐயுறுகின்றான். பின்பு வள்ளமென்று துணிகின்றான். அருகிற் சென்றால் அது கட்டையாயிருக்கின்றது. கண்ணுக்கு வந்த ஒளி தொடக்கத்தில் ஒன்றே; துணிவே மாறிற்று. பொறி தானே அறியாது, அறிவது அதனைக் கருவியாகக் கொண்ட ஆன்மாவே என்பது சித்தாந்தம். மூளையின் தொழிலை விரித்துரைக்கும் இக்காலத்து மருத்துவ நூலும், கண்மாத்திரம் காட்சியன்று என்னும் அளவில் இதனோடு ஒக்கும். மூளையும் கருவியே என்று நாம் கொள்வதற்கு அது தடையாகாது.

இனி, இத்துணிவு பிறவியிலேயே நிறைவாய் அமைந்ததோ, பயிற்சியால் வருவதோ? 1688ஆம் ஆண்டிலே அயர்லாந்து தேசத்து மொலினோ என்பவர் லொக் என்னுந் தத்துவஞானிக்கு ஒரு வினா விடுத்தார்: உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டறிந்த பிறவிக்குருடன் ஒருவன் பார்வை பெறுவானாயின், தொடாமலே இது இன்னதென்று சொல்வானோ? புதுடில்லியிலே பவன் சின்கா என்னும் பேராசிரியர் நடத்திய பிரகாஷ் என்னுந் திட்டத்தின்கீழ், பிறவிக் குருடராயிருந்து சிகிச்சையாற் பார்வை பெற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்த முடிபு 2011இல் வெளிவந்தது. அவர்கள் 8 முதல் 17 வயதினர். கண் திறந்த புதிதிலே, கையால் அறிந்த பொருளைக் கண்ணால் இனங்காண அவர்களால் இயலவில்லை. சில நாட் பழகிய பின்னரே அத்திறம் வந்தது. கண் திறத்தல் ஒன்று. காணக் கற்றல் மற்றொன்று.

அக்கல்விக்குப் பருவமும் உண்டு. கூபல், வீசல் என்னும் இருவர் 1963இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, பூனைக்குட்டியின் ஒரு கண்ணை இளம்பருவத்தில் மூடிவைத்துப் பின் திறந்தனர். கண் நலமாயிருந்தும், மூளையணுக்கள் அக்கண்ணின் செய்தியைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. அவ்வறிஞர் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். குழந்தைகளின் மாறுகண்ணிலும் இதனையொத்ததே நிகழ்கின்றது. இரு கண்ணும் வெவ்வேறு திசை நோக்கும்போது, இரண்டு உருவங்களின் மாறுபாட்டைத் தீர்க்க மூளை ஒரு கண்ணின் செய்தியைப் புறக்கணிக்கின்றது. நாட்பட அக்கண் பார்வை குன்றிச் சோர்கின்றது. ஏழெட்டு வயதுக்குமுன் கண்டறிந்து, வைத்தியர் சொற்படி மூக்குக்கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணை நாடோறுஞ் சில மணிநேரம் மூடிச் சோர்ந்த கண்ணைப் பயிற்றியும் பெரும்பாலும் மீட்கலாம். காலந் தாழ்த்தால் மீட்டல் அரிதாகும்.

இதனை எழுதுவோன் ஒரு குற்றத்தையும் ஈண்டு ஒப்புக்கொள்ளக் கடவன். சாம்பல்தீவிலே நான் படிப்பித்த காலத்து, கீழ்வகுப்பு மாணவன் ஒருவனுக்குச் சிறிது மாறுகண் இருந்தது. அவன் தாயார் அதனைக் கவலையோடு எனக்குக் காட்டினார். "அம்மா, மாறுகண் அதிட்டமென்று பெரியோர் சொல்லுவர், வருந்தாதேயுங்கள்" என்று ஆறுதல் கூறி அனுப்பினேன். ஐந்தாண்டு கழிந்து அவன் வைத்தியரிடஞ் சென்றபோது, அக்கண்ணின் பார்வை பெரிதுங் குன்றியிருந்தது. "முன்னமே கொண்டுவந்திருக்கலாமே" என்றார் வைத்தியர். அத்தாயார் என்னை ஒரு சொல்லும் நோகவில்லை. என் கண்ணிரண்டும் நலமுடையன; அவன் கண்ணின் மாறுதலை நான் நன்றாகவே பார்த்தேன். பார்த்ததற்கு நான் கொடுத்த பெயரே பிழைத்தது.

ஆகலின், முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகின்றது. காட்சியிலே கண் தருவது ஒரு பகுதி. முன்னறிவும் பழக்கமும் சேர்ப்பது ஒரு பகுதி. பின்னையது நாம் வளர்த்தது; ஆதலின் அதன் பிழைக்கு நாமே பொறுப்பாளிகள். ஐயுறுதல் குற்றமன்று, ஐயுறவேண்டிய இடத்தே துணிந்துவிடுதலே குற்றம்.

ஆசிரியர்காள்! உங்கள் வகுப்பிலே ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கண்ணைக் கையால் மூடி மறுகண்ணாற் கரும்பலகையெழுத்தை வாசிக்கச் செய்யுங்கள்; பின் மறுகண்ணை மூடி அவ்வாறே செய்யுங்கள். ஒரு கண்ணே தொழில் செய்கின்றதென்பதை அப்பிள்ளை தானே அறியாது. பிறந்தநாள்தொட்டு உலகம் அதற்கு அவ்வாறே தோன்றிற்று. வேறுபாடு கண்டால் அன்றே பெற்றோருக்கு அறிவித்து, கண்வைத்தியரிடம் அனுப்புங்கள். எழுத்தைத் தவற விடுகின்றவனை "மந்தன்" என்று முடிவு செய்யுமுன், அவன் அவ்வெழுத்தைக் கண்டானோ என்று ஒருமுறை கேளுங்கள். அம்மாணவன் இப்பொழுது வளர்ந்த இளைஞன். வழியிலே என்னைக் கண்டால் "வணக்கம் சேர்" என்று முகமலர்ந்து நிற்கின்றான். அவன் ஒரு கண்ணால் என்னை நன்றாகக் காண்கின்றான்; அவனை இரு கண்ணாற் காண்பது எனக்குத்தான் அரிதாயிருக்கின்றது.