வெறிகாரன் என்று விலகிப் போகாதீர்கள்



எரிக்கோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்த மனிதனை நாம் அறிவோம். குருவும் லேவியனும் கண்டும் காணாதவர்போல் விலகிப் போனார்கள். அவர்களைக் குறைகூறும் நாம், சம்பள நாள் மாலையில் இரத்தோட்டைப் பாதையோரத்திலோ எல்கடுவைப் பக்கத்து லயத்தடியிலோ ஒருவன் விழுந்து கிடந்தால் என்ன செய்கிறோம்? சாராய வாடை வந்ததும், "விடிந்தால் எழும்புவான்" என்று நடந்துவிடுகிறோம். பூசைக்கு நேரமாகிறதென்று நானும் அப்படிப் போனதுண்டு. உவமையில் வரும் அந்தக் குரு நானே.

அவன் சீனி வருத்தக்காரனாக இருந்தால், விடியும்வரை அவன் மூளை தாங்காமல் போகலாம்.

நம் உடல் நிறையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கு அதற்கே போகிறது. இரத்தத்திலுள்ள சீனியே அதன் உணவு. நாம் உண்ணாத வேளையில் ஈரல் சீனியை உண்டாக்கி அனுப்புகிறது. மது உள்ளே போனதும், அதை அகற்றும் வேலையில் ஈரல் முனைந்து, சீனி உண்டாக்குவதில் தளர்ந்துவிடுகிறது. இன்சுலின் ஊசியோ, கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ எடுத்தவன் வெறும் வயிற்றில் குடித்தால், சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல் எல்லாம் வெறியைப் போலவே தோன்றும்.

மெல்ல வரும் கேடும் உண்டு. கட்டுப்படாத சீனி மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். ஓயாத குடியோ, தயமின் என்னும் விற்றமினை உடலில் சேரவிடாது. அக்குறையால் வரும் மூளைக் கோளாற்றை 1881இல் வேர்னிக்கேயும், நினைவிழப்பை 1887இல் கோர்சக்கோவும் விவரித்தார்கள். அறிவு மங்கும் நோய்க்கு வழிவிடும் 12 காரணங்களுள் நீரிழிவையும் மிதமிஞ்சிய மதுவையும் 2020இல் லான்செற் மருத்துவ ஆணைக்குழு சேர்த்தது. இரண்டும் ஒரே வீட்டில் கூடினால், பெற்ற பிள்ளையின் பெயரும் ஒருநாள் மறந்துபோகலாம்.

ஆகவே, விழுந்து கிடப்பவனைத் தொட்டு எழுப்புங்கள். உணர்வோடு விழுங்கக்கூடியவனானால் சீனித் தண்ணீர் கொடுங்கள். உணர்வில்லையெனில் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சீனி வருத்தம் உள்ளவன் என்பதையும் சொல்லுங்கள்.

குடிக்கும் சகோதரனே, கிளினிக்கில் உன் குடியை மறைக்காதே. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். வைத்தியரின் துணையோடு நிறுத்து. டப்ளின் நகரக் கூலித் தொழிலாளி மற் ரால்பொற் 28 வயதில், 1884இல், குடியை விட்டார். 1925இல் இறக்கும்வரை தொடவில்லை. உன்னாலும் கூடும்.

நல்ல சமாரியன் அந்த மனிதன் எப்படி விழுந்தான் என்று விசாரிக்கவில்லை. முதலில் குனிந்தான். நாமும் குனிவோம். ஆமென்.